வெளியே வராத ஐந்து காகிதங்கள்

ஜெகதாப்பட்டினம்,
21-3-2024

தம்பி குமரப்பனுக்கு,

மாஹிரா அம்மா சம்சுன் நிஹார் எழுதுவது. நீங்களும் உங்கள் சம்சாரமும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நோன்பு வாயோடு கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. மாஹிரா அத்தா, என் வீட்டுக்காரர், இருந்தவரை நீங்களும் அவரும் போனில் பேசிக்கொள்வீர்கள். அடுப்படியில் நின்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். "மனுசனுக்கு நோவு வந்தா அறந்தாங்கி, கம்ப்யூட்டருக்கு வந்தா திருக்கோகர்ணம்" என்று சொல்லிச் சிரிப்பார். அதனால்தான் உங்கள் கடை விலாசத்தை அவர் டைரியில் தேடி எடுத்தேன்.

நான் இத்தாவில் இருக்கிறேன். தம்பிக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் சொல்கிறேன். புருசன் மௌத்தானால் நாங்கள் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு இறங்க மாட்டோம். வெளி ஆம்பளை வாசலுக்குள் வரக்கூடாது, நம் குரலும் வெளியே கேட்கக்கூடாது என்று இங்கே வைத்திருக்கிறார்கள். ஜூன் பதினைந்து வரை அப்படித்தான். உங்களைக் கூப்பிடவும் முடியாது, போனில் பேசவும் முடியாது. கடுதாசி எழுதலாமா என்று மார்க்கம் படித்த எங்கள் ஆலிமாவிடம் கேட்டேன். தேவைக்கு எழுதலாம் என்றார்கள். எனக்குத் தேவை இருக்கிறது.

கம்ப்யூட்டரில் மெயில் பார்க்கிற புரோகிராம் நீங்கள் போட்டுக் கொடுத்தது. அதில் பிரிண்ட் வரவில்லை. மாஹிரா குவைத்தில் இருந்து குர்ஆனில் உள்ள யாசீனைத் தமிழ் எழுத்தில் பெரிது பெரிதாக அடித்து மெயிலில் அனுப்பியிருக்கிறாள், அவள் அத்தாவுக்கு நான் ஓத. போனில் வைத்து எனக்கு ஓத வரவில்லை. விரல் பட்டால் எழுத்து ஓடிவிடுகிறது. காகிதம் ஓடாது. மெயிலைத் திறந்து பிரிண்டர் படத்தை அழுத்தினால், கீழே மணி காட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பிரிண்டர் படம் வருகிறது. அதோடு சரி. பிரிண்டரில் பச்சை லைட் எரிகிறது. காகிதம் வைத்திருக்கிறேன். ஒன்றும் வெளியே வருவதில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அவர் மௌத்தான அன்று, வெள்ளிக்கிழமை காலையில், குடிக்கக் கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கே என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆவுடையார்கோவில் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆவுடையார்கோவிலில் அவருக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. போனும் கீழே விழுந்து நொறுங்கி, இப்போது பீரோவில் கிடக்கிறது. உங்களிடம் ஏதும் சொல்லியிருந்தாரா?

பதில் எழுதுங்கள்.

சம்சுன் நிஹார்

திருக்கோகர்ணம்,
27-3-2024

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

குமரப்பன் வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கடையில் வைத்துப் பிரிக்க முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் படித்தேன்.

பாயை அடக்கம் செய்த அன்று நான் வந்திருந்தேன். பள்ளிவாசலுக்கு வெளியே, ஐஸ் கம்பெனி சுவர் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். உங்கள் மாப்பிள்ளை இருந்தார். போய்ப் பேசத் தெரியவில்லை.

பிரிண்டர் விஷயம் சின்னதுதான். மெயில் புரோகிராமில் கோளாறு இல்லை. பிரிண்ட் கொடுத்தால் அது முதலில் ஒரு வரிசையில் போய் நிற்கும், ரேஷன் கடை மாதிரி. முன்னால் நிற்பது நகராவிட்டால் பின்னால் வந்தது எதுவும் நகராது. நீங்கள் சொன்ன அந்தச் சின்னப் படத்தை மவுஸால் இரண்டு தடவை தட்டுங்கள். ஒரு பெட்டி திறக்கும். வரி வரியாக இருக்கும். மேலே இடது ஓரத்தில் முதலாவதாக இருக்கும் சொல்லைத் தட்டினால் ஒரு பட்டியல் இறங்கும். அதில் C என்று தொடங்கி, மூன்று சொல்லாக ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் நிற்பதெல்லாம் அழிந்துவிடும். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போட்டு, மகளுடைய மெயிலை மட்டும் பிரிண்ட் கொடுங்கள்.

பிரிண்டர் படங்கள் இருக்கும் இடத்தையும் பாருங்கள். அங்கே எத்தனை படம் இருக்கிறது, எது பளிச்சென்று இருக்கிறது, எது மங்கலாக இருக்கிறது என்று எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும். போகும் வழியைத் தனித்தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன்.

நோன்பு நாளில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
குமரப்பன்

ஜெகதாப்பட்டினம்,
2-4-2024

தம்பி குமரப்பனுக்கு,

நீங்கள் படம் போட்டது நல்லதாய்ப் போயிற்று. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டினேன். நான் அஞ்சாப்பு. ஆனால் இங்கிலீஷ் எழுத்து தெரியும், கூட்டிப் படிக்கத்தான் வராது.

பிரிண்டர் படம் இரண்டு இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர். ஒன்றின் பெயருக்குப் பின்னால் மட்டும் கூடுதலாக ஏதோ எழுதி, கடைசியில் 1 என்று இருக்கிறது. அது பளிச்சென்று இருக்கிறது. 1 இல்லாததுதான் மங்கலாக இருக்கிறது. ஆனால் பச்சை டிக் அதில்தான் விழுந்திருக்கிறது. நம்மிடம் பிரிண்டர் ஒன்றுதானே தம்பி. இரண்டு எங்கிருந்து வந்தது?

பெட்டியையும் திறந்தேன். ஒன்பது வரி நிற்கிறது. எல்லா வரியிலும் அவர் பெயர். நான் கொடுத்த பிரிண்டுக்கும் அவர் பெயரைத்தான் போடுகிறது. தேதியைப் பார்த்தேன். கீழே நாலு வரி நான் கொடுத்தது. மேலே ஐந்து வரி 9-2-2024. 5.52, 6.09, 6.20, 6.27, 6.31.

அது அவர் மௌத்தான நாள் தம்பி.

நீங்கள் சொன்னபடி அழிக்கப் போன கையை எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு நாளாக எனக்கு ஒரு இடத்தில் இருப்பு கொள்ளவில்லை. விடியுமுன் சஹருக்குச் சோறு வைக்கிறேன், எழுந்துபோய் அந்தப் பெட்டியைத் திறந்து ஐந்து வரியும் நிற்கிறதா என்று பார்க்கிறேன். கூட இருக்கிற நாத்தனார் திட்டுகிறாள்.

உங்களிடம் சொன்னால் என்ன. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சண்டை வந்தால் நான் அவர் டீக்குச் சீனி போட மாட்டேன். அவர் ஒன்றும் கேட்காமல் குடிப்பார். சமாதானம் ஆக வேண்டும் என்றால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அடித்து, காகிதமாக எடுத்து, நாலாக மடித்துச் சீனி டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுவார். வாயால் சொல்ல வராது அவருக்கு. குவைத்தில் கார்கோ ஆபீஸில் இருபத்தேழு வருசம் மெயில் அடித்து அடித்து அதுதான் வரும். கையெழுத்து அவருக்கே புரியாது. நான் காகிதத்தைப் படித்துவிட்டு மறு டீயில் சீனி போடுவேன். அவ்வளவுதான், அதைப் பற்றி இரண்டு பேரும் பேச மாட்டோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். ஏதோ ஃபாரம் நிரப்புகிற பேச்சு. நான் ஒரு வார்த்தை சொன்னேன். "ஒனக்கு என்னா தெரியும், அஞ்சாப்பு படிச்சுப்புட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது உண்மைதான். அவர்கள் முன்னால் சொன்னாரே. மூன்று நாள் சீனி போடவில்லை. வெள்ளிக்கிழமை விடிகாலை பஜ்ர் தொழுதுவிட்டு நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அவர் டக் டக் என்று அடிக்கிற சத்தம் கேட்டது. நிற்கும், மறுபடி கேட்கும். மகளுக்கு எழுதுகிறார் என்று நினைத்தேன். அப்புறம் எழுந்து டீ போட்டேன். சீனி டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன். காகிதம் இல்லை. சீனி போடாமல் கொடுத்தேன்.

வந்தவர்களிடம் எல்லாம் நாத்தனார் சொல்கிறாள், "கோவிச்சுக்கிட்டுல்ல போயிட்டான் எந்தம்பி. சீனி இல்லாத தண்ணியக் குடுத்தா மனுசன் எங்கிட்டுத்தான் போவான்?" கோபத்தில்தான் போனாரா என்று எனக்குத் தெரிய வேண்டும் தம்பி. வேறு ஒன்றும் வேண்டாம்.

அந்த ஐந்து வரியில் என்ன இருக்கிறது? அதை வெளியே எடுக்க வழி உண்டா?

சம்சுன் நிஹார்

ஜெகதாப்பட்டினம்,
22-4-2024

தம்பி குமரப்பனுக்கு,

இருபது நாளாகிறது. தினம் தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் வந்து நிற்கிறேன். கரண்டு பில்தான் வருகிறது. உங்களுக்கு உடம்பு சரியில்லையா, இல்லை நான் புருசன் பெண்சாதி விஷயத்தை எழுதிவிட்டேன் என்று சங்கடமா?

நோன்புப் பெருநாள் வந்து போய்விட்டது. நான் வெள்ளைச் சேலையில்தான் இருந்தேன். மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிட்டது. விசைப்படகெல்லாம் கரையில் வந்து நிற்கிறது. ஐஸ் கம்பெனி ஓடவில்லை. ஊர் இப்படிச் சத்தமில்லாமல் இருந்தால் எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் விசிறிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது. தடைக்காலம் முடிகிற அன்றைக்குத்தான் என் இத்தாவும் முடிகிறது. படகுகளுக்கும் எனக்கும் ஒரே தவணை.

சும்மா இருக்க முடியாமல் நானாகச் சிலது பார்த்தேன். மெயில் புரோகிராமில் அவர் அனுப்பியது, வந்தது எல்லாவற்றிலும் அந்தத் தேதியைத் தேடினேன். அன்றைக்கு அவர் யாருக்கும் ஒன்றும் அனுப்பவில்லை. அப்படியானால் அத்தனை நேரம் எதை அடித்தார்? அந்த ஐந்து வரிக்கும் ஒரே பெயர்தான் இருக்கிறது. எழுத்து எழுத்தாக மாஹிராவுக்குப் போனில் சொன்னேன். "பேரு இல்லாததுன்னு அர்த்தம்மா" என்றாள். பிறகு, "கேன்சல் ஆல் குடுத்துருங்கம்மா, எல்லாம் சரியாயிரும்" என்று அவளும் உங்களைப் போலவே சொன்னாள். அழிப்பது எல்லோருக்கும் எளிதாக வருகிறது.

நான் அதைத் தட்டியும் விட்டேன் தம்பி. உங்களிடம் மறைக்கவில்லை. அவள் அந்தப் பக்கம் இருந்து சொல்லச் சொல்ல என் விரல் தட்டிவிட்டது. நல்ல வேளை, நிச்சயமா என்று அது ஒரு தடவை கேட்டது. இல்லை என்று கொடுத்துவிட்டு மவுஸைப் பிடுங்கி அலமாரிக்குள் வைத்தேன். அரை நாள் அதை வெளியே எடுக்கவில்லை.

ஒரு வரியாவது எழுதுங்கள். முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள்.

சம்சுன் நிஹார்

திருக்கோகர்ணம்,
28-4-2024

அன்புள்ள அக்கா,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதத் தைரியம் இல்லாமல் இருந்தேன். முதல் கடிதத்திலேயே நீங்கள் கேட்டுவிட்டீர்கள். நான் பிரிண்டரைப் பற்றி மட்டும் எழுதித் தப்பித்துக்கொண்டேன்.

அன்று காலை 6.40க்கு பாய் எனக்குப் போன் செய்தார். "குமரப்பா, பிரிண்ட் வரமாட்டேங்குதுப்பா. நாலஞ்சு தடவ குடுத்துட்டேன். அவசரம்" என்றார். வெள்ளிக்கிழமை விடிகாலையில் என்ன பாய் அவசரம் என்றேன். சிரித்தார். "வீட்டுல மூணு நாளா சீனி இல்ல" என்றார். கடையில் வாங்க வேண்டியதுதானே என்றேன். "அது கடையில கெடைக்கிற சீனி இல்லப்பா, நீ பிரிண்டரச் சரி பண்ணிக் குடுத்தாத்தான் கெடைக்கும்" என்று மறுபடி சிரித்தார். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்கள் ஏப்ரல் கடிதம் வந்த அன்றுதான் விளங்கியது.

நான் கிளம்பி வந்திருக்கலாம். எனக்கு அன்று தலைபோகிற வேலை எதுவும் இல்லை. மூன்று பஸ் மாற வேண்டுமே என்று சோம்பல். "பிரிண்டர் டிரைவர் புரோகிராம்தான் கெட்டுப் போயிருக்கும், பென் டிரைவுல போட்டு வைக்கிறேன், நீங்க வாங்களேன், சேர்ந்து டீ குடிச்சும் நாளாச்சு" என்றேன். "சரி, ஜும்மாவுக்குத் திரும்பிருவேன்" என்றார். அந்தப் பயணம்தான் அக்கா. ஆவுடையார்கோவிலில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. என் கடைக்கு வரத்தான் அங்கே பஸ் மாற இறங்கியிருக்கிறார். வரச் சொன்னது நான்.

பத்து மணி வரை பார்த்தேன். போன் போகவில்லை. மதியம் செய்தி வந்தது. அந்தப் பென் டிரைவ் இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. பாய் என்று எழுதி ஒட்டியது. அதை வேறு எதற்கும் எடுக்கக் கை வரவில்லை.

அந்த ஐந்தையும் தயவுசெய்து அழிக்காதீர்கள். பாய் உங்களுக்கு எழுதுவதை யாருக்கும் அனுப்ப மாட்டார். புது மெயில் திறந்து அடிப்பார், பிரிண்ட் கொடுப்பார், சேமிக்காமல் மூடிவிடுவார். "எம் பொண்டாட்டிக்கு எழுதுறது மெசின்ல கெடக்கக் கூடாது" என்பார். அதனால் அது அந்த வரிசையைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் இல்லை. அழிக்கச் சொல்லி முதலில் எழுதியவனும் நான்தான். நீங்கள் என் பேச்சைக் கேட்காதது நல்லதாயிற்று.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

குமரப்பன்

ஜெகதாப்பட்டினம்,
4-5-2024

குமரப்பனுக்கு,

கடிதம் கிடைத்தது.

நீங்கள் வரச் சொன்னதற்கு நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆயுசு அவ்வளவுதான் என்று நாங்கள் நம்புகிறவர்கள். அவர் சிரித்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, இரண்டு தடவை. அந்தச் சிரிப்பை எண்பத்தைந்து நாள் உங்களிடம் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். இங்கே நான் எண்பத்தைந்து நாளும், கோவித்துக்கொண்டு போய்விட்டான் என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு, அதை நம்பிக்கொண்டு, உட்கார்ந்திருந்தேன். டீக்கடைக்காரப் பெண் செல்வராணி ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருந்தாள், சீனி தூக்கலாகப் போடச் சொல்லி டீ கேட்டாராம், போட்டு வருவதற்குள் சாய்ந்துவிட்டாராம். அதைக்கூட நான் என்னைக் குத்துகிற வார்த்தையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஐஸ் கம்பெனிச் சுவரிடம் வந்து நின்றவர், நாற்பது அடி நடந்து மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இனி எழுத வேண்டாம். பிரிண்ட் வராவிட்டால் போகட்டும்.

ச. நிஹார்

திருக்கோகர்ணம்,
22-5-2024

அக்கா அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது பிரிண்டருக்காக மட்டும். இதற்குப் பதில் வேண்டாம்.

கோடை இடி இறங்குகிறது. கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். அணைந்திருந்தாலும் அந்த ஐந்தும் உள்ளே அப்படியே இருக்கும். யார் வந்து எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் போடுகிறேன் என்றாலும் விடாதீர்கள்.

இரண்டு பிரிண்டர் படம், ஒன்றில் 1 என்று இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பிரிண்டரில் இருந்து வரும் வயர் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு ஓட்டையில் செருகியிருக்கும். அதைக் கழற்றிப் பக்கத்து ஓட்டையில் செருகினால், கம்ப்யூட்டர் அதைப் புதுப் பிரிண்டர் என்று நினைத்து இன்னொரு படம் போட்டுக்கொள்ளும். மெயில் புரோகிராம் பழையதற்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பழையது, வயர் எப்போது வரும் என்று காத்துக்கொண்டு நிற்கும். கெட்டுப் போனது ஒன்றும் இல்லை. முன்னால் இருந்த ஓட்டையிலேயே வயரைச் செருகினால் நிற்பதெல்லாம் வந்த வரிசையில் தானாக வெளியே வரும். பாயுடையதுதான் முதலில்.

அன்று எப்போதோ யாரோ வயரைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். டிரைவர் கெடவில்லை. அந்தப் பென் டிரைவைக் கொண்டுவந்து போட்டிருந்தாலும் பிரிண்ட் வந்திருக்காது. நான் வரச் சொன்னதும் வீண் பயணத்துக்கு.

குமரப்பன்

ஜெகதாப்பட்டினம்,
16-6-2024

தம்பி குமரப்பனுக்கு,

நேற்று இத்தா முடிந்தது. முந்தின நாள் ராத்திரியில் இருந்தே விசைப்படகுகள் கிளம்பிவிட்டன. இரண்டு மாதம் கழித்துக் கேட்கிற சத்தம். குளித்துவிட்டுக் கலர்ச் சேலை கட்டினேன். வாசல் வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வெளியே போக எனக்கு இடம் ஒன்றும் இல்லை.

உங்கள் மே மாதக் கடிதம் கையில் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. வயரை நான் தொடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த வயரைக் கழற்றியது நான். வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம், மறுநாள் ஜும்மா என்று வீடு கூட்டினேன். மேசைக்கு அடியில் ஒரே தூசி. கம்ப்யூட்டர் பெட்டியை இழுத்ததும் பிரிண்டர் வயர் கையோடு வந்துவிட்டது. பார்த்தேன், பின்னால் ஓட்டை எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. ஒன்றில் செருகினேன், சரியாக உட்கார்ந்தது. பேச்சுவார்த்தை இல்லாத நேரம், அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் அவர் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, என் காதில் விழாமல் வெளியே போய் உங்களுக்குப் போன் செய்திருக்கிறார். அவர் அடிக்கும்போதெல்லாம் மூன்றடி தள்ளி நான் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். "நேத்து எதையும் கழட்டுனியா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பேசாத பெண்சாதியிடம் எப்படிக் கேட்பார்.

உங்கள் மேல் கோபப்பட்டு எழுதினேனே, அதற்குப் பதினெட்டாம் நாள் நீங்கள் எழுதிய கடிதம் வந்து என்னையே காட்டிவிட்டது. வயரை மாற்றினால் காகிதம் வரும். வந்தால், நான் செய்ததுதான் என்று உறுதியாகிவிடும். வராமலே இருந்தால் நல்லது என்று தோன்றிய நாளும் உண்டு. படித்துப் பார்க்கவும் பயம். கோபமாக எழுதியிருந்தால் என்ன செய்வது. ராத்திரியும் பகலும் அந்த மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

நேற்று மதியம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். பழைய ஓட்டை எது என்று தெரியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றைச் சுற்றி மட்டும் தூசி இல்லாமல் சதுரமாகச் சுத்தமாக இருந்தது. அதில் செருகினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் பிரிண்டர் உள்ளே ஏதோ உருண்டது. நான் கதவுக்கிட்டே போய் நின்றுகொண்டேன்.

ஐந்தும் வேறு வேறு காகிதம் தம்பி. ஒன்றையே ஐந்து தடவை கொடுத்தார் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சேமிக்காமல் மூடுகிறவர் ஆயிற்றே, வராதபோதெல்லாம் மறுபடி முதலில் இருந்து அடித்திருக்கிறார்.

முதலாவது இரண்டு பக்கம். மேலே "பொருள்: 6-2-2024 செவ்வாய்க்கிழமை நடந்த பேச்சு தொடர்பாக" என்று கார்கோ ஆபீஸ் மாதிரி போட்டிருக்கிறார். நான் சொன்னதில் தப்பில்லை, நீ எடுத்துக்கொண்டதுதான் தப்பு என்று ஒன்று, இரண்டு, மூன்று என நம்பர் போட்டு எழுதியிருக்கிறார். படிக்கப் படிக்க எனக்குக் கோபம் வந்தது. நாலு மாதத்துக்கு அப்புறம் அவர் மேல் கோபம் வந்ததே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இரண்டாவது ஒரு பக்கம். சொன்னது தப்பில்லை, சொன்ன இடம் தப்பு என்று வந்துவிட்டார். நம்பர் இல்லை. மூன்றாவது அரைப் பக்கம். இருபத்தேழு வருசம் நான் அங்கே கிடந்தபோது பேங்கு, வைத்தியம், மாஹிரா படிப்பு எல்லாம் அஞ்சாப்புதானே பார்த்தது என்று எழுதியிருக்கிறார். நாலாவது மூன்று வரி. "தப்பு என் பேரில். சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு அவர்களிடமும் சொல்லிவிடுகிறேன். கோபத்தை விடு."

ஐந்தாவது ஒரு வரி. அதில் விளக்கம் எதுவும் இல்லை. அலுத்துப் போய்ப் பிரிண்டரைச் சோதிக்க அடித்தது.

"டெஸ்ட். டெஸ்ட். நிஹார். இது வந்தால் சீனி போடு."

நாத்தனாரைக் கூப்பிட்டு அந்த ஐந்தாவதை மட்டும் கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தாள். "டெஸ்ட்டுன்னா என்னாடி?" என்று கேட்டாள். "சரியா வருதான்னு பாக்குறது மச்சி" என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, காகிதத்தைத் தராமல் மடியில் வைத்துக்கொண்டாள். கோவித்துக்கொண்டு போய்விட்டான் என்ற பேச்சை நேற்றில் இருந்து அவள் எடுக்கவில்லை.

அதற்குள் என்னுடையது எல்லாம் வர ஆரம்பித்துவிட்டது. அந்த நாலுக்கு அப்புறமும் கொடுத்துப் பார்த்ததில் மொத்தம் பதினோரு தடவை கொடுத்திருக்கிறேன் போலிருக்கிறது. யாசீன் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. எட்டாவதில் காகிதம் தீர்ந்து நின்றது. தெருவில் ஓதத் தெரிந்த பெண்களுக்கெல்லாம் ஒவ்வொன்று கொடுத்துவிட்டேன்.

பிறகு ஒரு டீ போட்டேன். அவர் குடிக்கிற கண்ணாடி டம்ளரில் மூன்று ஸ்பூன் சீனி போட்டு அடுப்படி மேடையில் வைத்தேன். ஆறிப் போன பிறகு நானே குடித்தேன். நாலு மாதமாக நானும் சீனி இல்லாமல்தான் குடித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. யாரும் போடாதே என்று சொல்லவில்லை.

இனி உங்கள் விஷயம். உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் காகிதம் எடுத்தேன். கை ஓடவில்லை. உங்களை மன்னித்தால் வயரைக் கழற்றிய என்னையும் மன்னிக்க வேண்டும். அதற்கு எனக்கு இன்னும் நாள் பிடிக்கும். இரண்டையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன். அது வரைக்கும் நீங்கள் சுவர் ஓரத்தில் நிற்க வேண்டாம்.

நாளைக்கு ஹஜ்ஜுப் பெருநாள். அது கழிந்து ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள். மூன்று பஸ் மாற வேண்டும், தெரியும். சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பிரிண்டரில் பார்க்க ஒன்றும் இல்லை, நன்றாக வேலை செய்கிறது. அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன், இனி யார் கூட்டினாலும் மாறாது.

வரும்போது அந்தப் பென் டிரைவைக் கொண்டு வாருங்கள். அதனால் பிரயோசனம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இருக்கட்டும். அவர் வாங்கி வரக் கிளம்பிய சாமான், வீடு வந்து சேரட்டும்.

அக்கா
சம்சுன் நிஹார்